ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்

...வேண்டாம், உதாரணத்துக்குப் பன்றிக்கறி விலை வேண்டாம், போன மாதமும் அதைத்தான் சொன்னோம், போன வருஷமும் அதையேதான், பன்றிக்கறி ஏறுகிறது இறங்குகிறது என்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பசிதான் வருகிறது, வார்த்தை வருவதில்லை, அப்படியானால் வேறு எது ஏறி இறங்கும்... என்று செங் மான்லின் யோசித்துக்கொண்டிருந்தபோது நர்ஸ் பாங் அவளுடைய வயிற்றில் அந்தப் பசையைப் பிதுக்கினாள், ஐஸ் மாதிரி குளிர்ந்தது, மான்லின் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது, வயிற்றுக்குள் இருந்தவன் அல்லது இருந்தவள் மட்டும் அசையவில்லை. தூக்கம் போலிருக்கிறது. தூங்கட்டும். நர்ஸ் இரண்டு பெல்ட்டுகளை இழுத்துக் கட்டிவிட்டு, வலது கையில் ஒரு பொத்தானைத் திணித்தாள், "உள்ள அசைஞ்சா அழுத்துங்கக்கா, அசையலைன்னா சும்மா இருங்க, ஃபோன் பாக்காதீங்க," என்றாள், சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள், மான்லின் இடது கையால் ஃபோனை எடுத்தாள். எடுக்காமல் எப்படி? தெங் ஃபெய் காலையிலிருந்து உயிரை எடுக்கிறான். மதியம் ஒரு மணிக்கு நான்ஜிங்கில் அவனுக்கு ஆங்கிலப் பரீட்சை. "டீச்சர், எல்லாம் வந்துடுச்சு, இந்த ஃப்ளக்சுவேட் மட்டும் மண்டையில ஏறவே மாட்டேங்குது. மாறுதுன்னு எழுதினா போதாதா? போன தடவை அப்படித்தான் எழுதி மார்க் போச்சு. ஒரே ஒரு நிமிஷம் வாய்ஸ் அனுப்புங்க டீச்சர், நீங்க சொன்னாதான் எனக்கு நிக்கும்." மூன்று கண்ணீர் முகங்கள். ஒரு கும்பிடு. ஜென்ஜியாங் நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் வயிற்றைத் திறந்துபோட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள் உன் டீச்சர் என்று அவனுக்கு யார் சொல்வது? சொல்லக்கூடாது. ஆன்லைன் டீச்சருக்கு வயிறு கிடையாது. கழுத்துக்கு மேலே மட்டும்தான் உண்டு.

குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற மெஷின் சத்தம் போட ஆரம்பித்தது. குட்டி ரயில் என்று எல்லாத் தாய்மார்களும் சொல்கிறார்கள், மான்லினுக்கு அது ரயிலாகக் கேட்டதில்லை, தண்ணீருக்கு அடியில் யாரோ வேகவேகமாகத் துணி கசக்குகிற மாதிரி, டுப்பு டுப்பு டுப்பு டுப்பு, இத்தனை அவசரமாக எங்கே போகிறாய் பயறு... பயறு என்பது வயிற்றுப் பெயர். முதல் ஸ்கேனில் பச்சைப்பயறு அளவில் இருந்ததைப் பார்த்துக் கணவன் ஜுன்யீ வைத்த பெயர், இப்போது பயறு ஒரு முழுத் தர்பூசணி, பெயரை மாற்ற மனசு வரவில்லை. எங்கே விட்டோம்? ஃப்ளக்சுவேட். பதினோரு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிற வார்த்தை, பரீட்சையில் ஒரு கோடு போட்ட படத்தைக் கொடுத்து இதை விவரி என்பார்கள், கோடு மேலே போய்க் கீழே வந்து மறுபடி மேலே போனால் இந்த வார்த்தை, அவ்வளவுதான். வார்த்தை அட்டையில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் சீனத்தில் இரண்டே எழுத்து, பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வார்கள், பிறகு எல்லாவற்றுக்கும் 'மாறுகிறது' என்றே எழுதுவார்கள். ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவள்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தாள். அவள் கொடுத்த உதாரணங்கள் எல்லாமே தொல்லை பிடித்தவை: ஷேர் மார்க்கெட், மார்ச் மாதத்து வெயில், மாமியார் மனநிலை, கரன்ட் வோல்டேஜ். நிலையாக இருக்க வேண்டியது நிலை தவறினால் ஃப்ளக்சுவேட், பிள்ளைகளே, ஒரு இடத்தில் நிற்கத் துப்பில்லாதது. வகுப்பு சிரிக்கும். அப்படியொரு வார்த்தையை யார் விரும்பி எழுதுவார்கள்?

நிலையாக இரு, இந்த ஊரில் பிறந்த எந்தக் குழந்தை இதைக் கேட்காமல் வளர்ந்தது? கதவில் ஒட்டுகிற சிவப்புத் தாளில் அதுதான், கார்க் கண்ணாடியில் தொங்குகிற குஞ்சத்தில் அதுதான், புத்தாண்டுக்கு வருகிற ஒவ்வொரு வாழ்த்திலும் சமமாக, சமமாக, மேடு பள்ளம் இல்லாமல் சுகமாக இருங்கள் என்பதுதான். அப்பா முப்பது வருஷம் டவுன் பஸ் ஓட்டினார், டாஷ்போர்டில் மூடி இல்லாத டீ கிளாஸ் வைத்துக்கொண்டு ஓட்டுவார், ஒரு சொட்டு சிந்தாது, அதுதான் அவருக்கு வாழ்க்கை. மான்லின் அரசுப் பள்ளி வேலையை விட்டுவிட்டு ஆன்லைனுக்குப் போகிறேன் என்று சொன்னபோது அவர் திட்டவில்லை, அடிக்கவில்லை, "கிளாஸை நீயே தட்டி விட்டுட்ட," என்று மட்டும் சொன்னார். அதனால்தானோ என்னவோ, எல்லாம் சமமாக இருக்கிற இடத்தைப் பார்த்தால் அவளுக்கு நெஞ்சு இளகிவிடும். இப்போதும் இளகியது. துடிப்பின் வேகத்தைக் கோடாக வரைந்தபடி மெஷின் வாயிலிருந்து வழிந்துகொண்டிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. போன வாரம் பார்த்தபோது கோழி கிளறின மாதிரி இருந்தது, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்கு உள்ளூர உறுத்தல், ஏன் இப்படிக் குதிக்கிறது, நாம் அதிகம் நடந்துவிட்டோமா, காபி குடித்துவிட்டோமா என்று... இன்றைக்கு எத்தனை அழகு! மேடில்லை பள்ளமில்லை, ஏரித் தண்ணீர் மாதிரி. நல்ல பிள்ளை. தாத்தாவின் டீ கிளாஸ்.

அடுத்த கட்டிலில் மியாவ் லான், மார்க்கெட்டில் மீன் விற்கிறவள், இருபத்தைந்து வயசுகூட ஆகியிருக்காது, குரல் மட்டும் நாற்பது பேருக்குப் போதும், இவளுடைய தாளை எட்டிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதைத் தூக்கிக் காட்டினாள். அவளுடைய கோடு மலையும் பள்ளத்தாக்குமாய், பார்க்கவே தலை சுற்றியது. "பாத்தீங்களா டீச்சரக்கா, உங்க புள்ள லைப்ரரில உக்காந்துருக்கு, எம்புள்ள மார்க்கெட்ல மீன் கூவுது! பொறந்ததும் உங்ககிட்ட ட்யூஷனுக்கு அனுப்பிடறேன், கொஞ்சம் அடக்கி விடுங்க." மான்லின் சிரித்தாள். சிரிப்புக்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைத்துக்கொண்டாள், அந்தக் குழந்தைக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டாள், பாவம், இப்போதே இத்தனை அலைச்சல்... தாளைப் படம் பிடித்து ஜுன்யீக்கு அனுப்பினாள். ஆண்களை உள்ளே விடமாட்டார்கள், அவன் கீழே வாசலில் நின்றுகொண்டிருந்தான். 'பார் உன் பிள்ளையை, ஒரு ஏற்ற இறக்கம் இல்லை.' அடுத்த நொடி பதில் குரலில் வந்தது, "பின்ன? மின்வாரியத்துக்காரன் புள்ளடி! வோல்டேஜ் அப்படியே நிக்கும்!" குடும்பக் குழுவிலும் போட்டாள். மாமியார் மூன்று ரோஜாப்பூ, அப்பா ஒரு கட்டைவிரல். அப்பா அவளுக்குக் கட்டைவிரல் போட்டு எத்தனை நாளாயிற்று? சரி, தெங் ஃபெய்யைக் கவனிப்போம் என்று குரல் பதிவுப் பொத்தானை அழுத்தினாள், "தெங் ஃபெய், கேளு, ஒரு பொருள் நிலையா நிக்காம..." என்று தொடங்கினாள், அப்போதுதான் நர்ஸ் பாங் திரும்பி வந்தாள்.

வந்தவள் தாளைக் கையில் எடுத்தாள். கொஞ்சம் இழுத்தாள். இன்னும் கொஞ்சம். அவள் முகத்தில் எதுவும் மாறவில்லை, அதுதான் மான்லினுக்குக் கலக்கமாக இருந்தது, பேசிக்கொண்டே வேலை செய்கிறவள் பேச்சை நிறுத்திவிட்டாள். "எவ்வளவு நேரமா இப்படி?" என்றாள். "ஆரம்பத்துலேர்ந்தே," என்றாள் மான்லின், அசட்டுத்தனமாக, ஒரு தாயின் பெருமையோடு, "நல்லா சமமா இருக்கு இல்ல?" நர்ஸ் வயிற்றின் இரண்டு பக்கமும் கையை வைத்து மாவு பிசைகிற மாதிரி உலுக்கினாள். காத்திருந்தாள். மறுபடி உலுக்கினாள். டுப்பு டுப்பு டுப்பு, ஒரே வேகம், கோடு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது, ஏரித் தண்ணீர். "பொத்தானை ஒரு தடவைகூட அழுத்தலையா அக்கா?" இல்லை. அழுத்தவில்லை. அசையவில்லையே... பொத்தான் கையில் இருந்தது, அது இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது. "சமமா இருக்கறதெல்லாம் நமக்குத்தான் அக்கா நல்லது. உள்ள இருக்கறவங்களுக்கு இது நல்லதில்ல. கோடு ஆடணும். ஏறணும், இறங்கணும். ஆடலைன்னா ஒண்ணு, அசந்து தூங்குது. இல்லைன்னா..." இல்லையென்றால்? நர்ஸ் அந்த வார்த்தையைத் தாண்டிப் போனாள். "பயப்படாதீங்க. கீழ போங்க, இனிப்பா ஏதாவது சாப்பிடுங்க, படி ஏறி இறங்குங்க, எழுப்பி விடுங்க. அரை மணி கழிச்சு வாங்க, மறுபடி போடுவோம். அப்பவும் இப்படியே இருந்தா டாக்டர் இன்னிக்கே எடுத்துடலாம்பாரு." எடுத்துவிடலாம். மார்க்கெட்டில் தராசில் இருந்து எடுப்பது போல எத்தனை சாதாரணமான வார்த்தை! மியாவ் லான் தன் தாளை மெதுவாகச் சுருட்டிப் போர்வைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், பக்கத்து இலையில் சோறில்லாதபோது நம் இலையை மூடிக்கொள்வது போல. அதைப் பார்த்ததும்தான் மான்லின் கட்டிலை விட்டு இறங்கினாள்.

லிஃப்ட் வேண்டாம், படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், ஒவ்வொரு படிக்கும் வயிறு ஒரு தடவை குலுங்கியது, எழுந்திரு, எழுந்திரு, நாம் என்ன செய்துவிட்டோம், அந்தத் தாளைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பினோமே, பூ வேறு வாங்கிக்கொண்டோமே, உள்ளே ஒரு உயிர் எதற்கும் பதில் சொல்லாமல் கிடப்பதைச் சமர்த்து என்று கொண்டாடினோமே... தாய் என்று பெயர். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை, பத்தாவது வாரத்தில், அப்போதும் எல்லாம் அமைதியாகத்தான் இருந்தது, வலியில்லை, ரத்தமில்லை, சாதாரணமாக ஸ்கேனுக்குப் போனாள், ஸ்கேன் பார்த்த பெண் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்... போதும். அங்கே போகாதே. படியைப் பார். வாசலில் ஜுன்யீ அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த சிகரெட்டை, பற்றவைக்காத சிகரெட்டை, பாக்கெட்டுக்குள் திணித்தான். "என்னடி?" சொன்னாள். இரண்டு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. இத்தனை பெரிய விஷயம் இரண்டு வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறது, எத்தனை மட்டமான மொழி! அவன் ஓடினான், எதிர்க்கடையிலிருந்து சீனி போட்ட சோயாப்பால், சாக்லெட், எண்ணெயில் பொரித்த மாவுக்குச்சி, எள்ளுருண்டை, கைக்கு எட்டியதெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தான். "எல்லாத்தையும் தின்னு." "எரும மாதிரியா?" "எருமன்னா எரும. தின்னு. டேய் பயறு, அப்பா பேசறேன்டா, எந்திரிடா, ஸ்கூலுக்கு நேரமாச்சு!" தெருவோரம் குனிந்து மனைவியின் மேலங்கிப் பொத்தானைப் பார்த்துக் கத்துகிற ஆளை ஸ்கூட்டரில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மான்லினுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது, சோயாப்பால் மூக்கில் ஏறியது. "கத்தாத. பயந்துடும்." "பயப்படட்டும்! பயந்தா குதிக்கும் இல்ல?" அப்புறம் குரலைத் தாழ்த்தி, "நானும் முட்டாள் மாதிரி வோல்டேஜ் நிக்கும்னு சொன்னேன் பாரு..." என்றான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவளுடைய தப்பில் அவனுக்கும் பங்கு இருந்தது என்பது விசித்திரமான ஆறுதலாக இருந்தது. தப்பு அவர்கள் இரண்டு பேருடையது மட்டும்தானா? மாமியாரின் ரோஜா, அப்பாவின் கட்டைவிரல், அந்தக் கோட்டைப் பார்த்த ஒருத்தருக்காவது சந்தேகம் வரவில்லையே, எல்லாருக்கும் அது நல்ல செய்தியாகத்தானே தெரிந்தது!

படி ஏறினாள். இறங்கினாள். ஏறினாள். ஜுன்யீ பின்னாலேயே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தான், பீங்கான் ஜாடி உருண்டால் பிடிக்கத் தயாராக இருப்பவன் மாதிரி. ஃபோன் துடித்தது. தெங் ஃபெய். 'டீச்சர், ரயில்ல இருக்கேன், வாய்ஸ் வருமா?' வரும்டா வரும்... மூச்சு வாங்கியது, அரைமாடியில் ஜன்னலோரம் நின்றாள், பதிவை அழுத்தினாள், வாய் பழக்கத்தில் திறந்தது, ஒரு பொருள் நிலையாக நிற்காமல்... நிறுத்தினாள். அழித்தாள். மறுபடி அழுத்தினாள். மாறுவது வேறு, இது வேறு, மாறினால் போயே போய்விட்டது, திரும்பி வராது, தலைமயிர் நரைப்பது மாறுவது, ஆனால் இது... இது என்ன? அழித்தாள். அட்டையின் பின்பக்கம் இருக்கிற அந்த இரண்டு எழுத்து நினைவுக்கு வந்தது, முதல் எழுத்துக்கு அலை என்று பொருள், இரண்டாவதுக்கு அசைவு, ஆயிரம் அட்டையில் எழுதியிருப்பாள், பத்தாயிரம் தடவை வாயால் சொல்லியிருப்பாள், அதற்குள்ளே ஓர் அலை இருந்தது என்று இன்றைக்குத்தான் கண்ணில் படுகிறதா? அலை எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. எழும், விழும், அதே தண்ணீர். தண்ணீர் உயிரோடு இருக்கிறது என்பதற்கு வேறு என்ன சாட்சி? பதிவுப் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். வயிற்றில் கை வைத்தாள். எள்ளுருண்டை, சாக்லெட், ஏறி இறங்கிய படி, இத்தனைக்கும் அங்கே ஒரு பதிலும் இல்லை. "வா, நேரமாச்சு," என்றான் ஜுன்யீ. கதவு வரை வந்தான். கதவில் அவன் முகம் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுவிட்டது.

மறுபடி பசை, மறுபடி பெல்ட், மறுபடி பொத்தான். இந்தத் தடவை ஃபோன் தலையணைக்கு அடியில். டுப்பு டுப்பு டுப்பு. தாள் வழிய ஆரம்பித்தது, மான்லின் அதையே பார்த்தாள், கண்ணைச் சிமிட்டவும் பயமாக இருந்தது. நேர்க்கோடு. நேர்க்கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட, அழகான, பாழாய்ப்போன நேர்க்கோடு. ஆடு, கொஞ்சம் ஆடு, சின்னதாக ஒரு மேடு, மடு, எதுவானாலும்... இப்படிக்கூட ஒருத்தி வேண்டிக்கொள்ள முடியுமா, பிள்ளை அமைதியாக இருக்கக்கூடாது என்று? நர்ஸ் பாங் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்துக்கொண்டாள், வேறு வேலை இல்லாதவள் மாதிரி, ஆனால் இரண்டு கர்ப்பிணிகள் கதவோரம் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். "ஏன் ஆடணும்?" என்று மான்லின் கேட்டாள். கேட்காவிட்டால் கத்திவிடுவாள் போலிருந்தது. "இதயம்தானே, ஒரே மாதிரி அடிச்சா என்ன தப்பு?" நர்ஸ் தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள், "ரெண்டு நரம்புக் கூட்டம் இருக்குக்கா. ஒண்ணு வேகமா போ வேகமா போங்கும், இன்னொண்ணு இருடி இருடிங்கும். புருஷன் பொண்டாட்டி மாதிரி. ரெண்டும் இழுத்துட்டே இருந்தா கோடு ஆடும். மூளை முழிச்சிருக்கு, பிராணவாயு போதும், எல்லாம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். ஒண்ணும் இழுக்கலைன்னாத்தான் நேரா போகும்." "சண்டை போடலைன்னா உயிர் இல்லைங்கறீங்க." இது மியாவ் லான், அடுத்த கட்டிலிலிருந்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, வீட்டுக்குக் கிளம்பியவள் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தாள். "அப்ப எங்க வீட்ல நூறு பேருக்கு வேண்டிய உயிர் இருக்கு நர்ஸம்மா!" யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து மான்லினின் காலைப் போர்வைக்கு மேலாகப் பிடித்துக்கொண்டாள், மீன் மணக்கிற கை, கெட்டியான பிடி.

இரண்டு நரம்புக் கூட்டம். ஒன்று ஏற்றும், ஒன்று இறக்கும், இந்த இருட்டுக்குள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், இன்னும் ஒரு முகம்கூடப் பார்க்காத ஓர் உயிருக்குள், ராப்பகலாக இழுபறி. அவளுக்குள்ளும்தான், இந்த நிமிஷம்கூட. ஜுன்யீக்குள், கண்ணாடிக்குப் பின்னால். சமமாக இரு சமமாக இரு என்று சொன்ன அப்பாவுக்குள்ளும், டீ கிளாஸ் சிந்தாமல் ஓட்டிய முப்பது வருஷமும், சட்டைக்கு உள்ளே கோடு ஆடிக்கொண்டேதான் இருந்திருக்கிறது, ஆடியதால்தான் அவர் இருந்தார்... அவள் மூச்சை அடக்கினாள். அந்தச் சமயத்தில்தான் வயிற்றின் இடது பக்கத்தில், விலாவுக்குக் கீழே, உள்ளேயிருந்து யாரோ கதவைத் தோளால் முட்டினார்கள். ஒரு தடவை. அவள் பொத்தானை அழுத்தினாள். இன்னொரு தடவை. அழுத்தினாள். துணி கசக்குகிற சத்தம் திடீரென்று வேகம் பிடித்தது, தாளில் கோடு தலையைத் தூக்கியது, தூக்கியது, தூக்கியது, ஒரு குன்று, அப்படியே சரிந்து இறங்கியது, நேராகப் போய்விடுமோ என்று நினைப்பதற்குள் மறுபடி ஒரு பல், ஒரு குழி, ஒரு பல், கோழி கிளறின மாதிரி, போன வாரத்து மாதிரியே அசிங்கமாக, ஐயோ எத்தனை அசிங்கம், எத்தனை அழகு! "வந்துட்டாரு துரை!" என்றாள் நர்ஸ் பாங், அவள் தோள் ஒரு சாண் கீழே இறங்கியது, அத்தனை நேரம் தூக்கியே வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. "தூங்குமூஞ்சி. அம்மாவைக் கொல்லப் பாத்துட்டியே!" மியாவ் லான் காலை விட்டுவிட்டுக் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள், "சனியன், மையெல்லாம் போச்சு," என்று திட்டிக்கொண்டே வெளியே போனாள். மான்லின் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தாள், அசையும்போதும், அசையாதபோதும். போதும்க்கா, போதும், என்று நர்ஸ் அதைக் கையிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

டாக்டர் வந்தார், தாளைப் பார்த்தார், முதல் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், "இது போதும். இன்னிக்கு எதுவும் வேண்டாம். நாளைக்குக் காலையில வந்து மறுபடி போடுங்க, அதுவரைக்கும் அசைவைக் கவனிச்சிட்டே இருங்க, கொறஞ்சா உடனே வந்துடணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரே மூச்சில் அடங்கிவிட்டது அவருக்கு. மான்லின் பசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், தலையணைக்கு அடியிலிருந்து ஃபோனை எடுத்தாள், தெங் ஃபெய் நான்ஜிங்கில் இறங்கிவிட்டான். பதிவை அழுத்தினாள். இந்தத் தடவை யோசிக்கவில்லை. "தெங் ஃபெய், நான் இத்தனை நாளா உங்களுக்கு இதைச் சரியா சொல்லலை. நல்லா கேளு. மாறுதுன்னா ஒண்ணு இன்னொண்ணா ஆயிடுது, அத்தோட முடிஞ்சுது. இது அப்படி இல்ல. ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், ஒரு இடத்தைச் சுத்தியே இருக்கும், விட்டுட்டுப் போகாது. உன் கழுத்துல ரெண்டு விரல் வை. பரீட்சைன்னு நினை. அடிக்கிறது கூடுதா? மூச்சை மெதுவா விடு. கொறையுதா? மறுபடி பரீட்சைன்னு நினை... அதுதான்டா. நீ மாறலை. நீ தெங் ஃபெய்தான். ஆனா ஒரு நொடிகூட ஒரே மாதிரி இல்ல. படத்துல கோடு அப்படி இருந்தா பயப்படாத, அதைத் திட்டாத, ஆடுற கோட்டைப் பாத்து ஆடுதுன்னு எழுது, போ." விரலை எடுத்தாள். போய்விட்டது. கழுத்தில் விரல் வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் நிற்கிறானோ என்னவோ, பிறகு ஒரே வரி வந்தது. 'டீச்சர், ஏறுது, இறங்குது, புரிஞ்சுது.' அவள் தன் கழுத்திலும் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள்.

ஜுன்யீயிடம் நர்ஸ் வெளியே போகும்போதே சொல்லியிருக்க வேண்டும், அவன் மூக்கு சிவந்திருந்தது. மேலங்கியை அவள் தோளில் போட்டான், கையைப் பிடித்துக்கொண்டான், படியிறங்க ஆரம்பித்தார்கள். "அப்பாடா," என்றான், "இனிமே நிம்மதி. வீட்டுக்குப் போய்ப் படு, மத்தியானம் நான் சமைக்கறேன், எதையும் யோசிக்காத." நிம்மதி... நல்ல வார்த்தைதான், எத்தனை ஆசையாகச் சொல்கிறான், ஆனால்... நாளைக் காலை மறுபடி அந்தத் தாள். அதற்குப் பிறகு பயறு வெளியே வந்துவிடும், அழும், அழாது, காய்ச்சல் வரும், போகும், ராத்திரி மூச்சு விடுகிறதா என்று மூக்கருகே விரல் வைப்பாள், பள்ளிக்கூடம், பரீட்சை, கதவைச் சாத்திக்கொண்டு பேசாமல் இருக்கிற ஒரு வயசு, இவள் வேலையை விட்டதுபோல் அதுவும் எதையாவது ஒரு நாள் விடும், அப்போது இவள் என்ன சொல்வாள்? எழும், விழும், எழும், இவளுடைய கோடு இனி இன்னொருவருடைய கோட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டு, தாள் தீருகிற வரைக்கும்... இதற்குப் பயம் என்று பெயரா, சந்தோஷம் என்று பெயரா, இரண்டு நரம்பும் ஒரே சமயத்தில் இழுத்தால் அதற்கு எந்த மொழியில் என்ன வார்த்தை? "என்ன நின்னுட்ட?" என்றான் ஜுன்யீ, இரண்டு படி கீழேயிருந்து. அவள் வயிற்றில் கை வைத்திருந்தாள். உள்ளே இப்போது ஒன்றுமில்லை, ஒரு சத்தமுமில்லை, ஓர் அசைவுமில்லை. ஒரு கால் மேல்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக, அடுத்த முட்டலுக்குக் காத்து அவள் நின்றாள். "இரு," என்றாள். "கொஞ்சம் இரு."